பிறப்பதற்கு எட்டு நாள் முந்தி ஞானஸ்நானம்

வீட்டுக்காரம்மா ஜீன் அழுது வேதவல்லி பார்த்ததே இல்லை. புருஷனைப் புதைத்த அன்றுகூட டொராண்டோ பனியில் நிமிர்ந்து நின்ற மனுஷி. இன்றைக்குச் சமையலறை மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு விம்முகிறாள்! எதிரே ஸ்காட்லாந்திலிருந்து வந்த கடிதம்.

"உறவே இல்லையாம், வேதா."

ஜீனுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. தன் எழுபத்தைந்தாவது வயதில் புருஷனும் போனபின், தாத்தா அலெக்கின் ஊரில் சொந்தமென்று யாராவது மிச்சமிருக்கிறார்களா என்று இரண்டு வருஷமாகத் தேடினாள். கடைசியில் எல்ஸி அகப்பட்டாள். அலெக்கின் அண்ணன் பேத்தி. ஜூலையில் போய்ப் பார்க்கப் புதுப் பெட்டிகூட வாங்கியாகிவிட்டது. ஆனால் எல்ஸி கறார் பேர்வழி. அவளிடமிருந்த அரசாங்கச் சான்றில் அலெக் பிறந்தது 1856 மார்ச் 28. ஜீனிடமிருந்த தேவாலயச் சீட்டிலோ ஞானஸ்நானம் மார்ச் 20. பிறப்பதற்கு எட்டு நாள் முந்தி எந்தக் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆகும்? அந்த ஊரில் அதே பெயரில் பலர் உண்டு, உங்கள் தாத்தா வேறு ஆள் என்று எழுதி, சான்றின் நகலையும் கடிதத்தோடு வைத்திருந்தாள்.

வேதவல்லி இரண்டையும் ஒட்டி வைத்துப் பார்த்தாள். அப்பா, அம்மா பெயர் ஒன்று. வீட்டின் பெயரும் ஒன்று. அரசாங்கத்தில் பதிந்த நாள் ஏப்ரல் 10.

"எத்தனை நாளைக்குள்ள பதியணும்?"

"இருபத்தொரு நாள். தவறினால் அபராதம்." ஜீன் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நூலகப் புத்தகங்களைக் கரைத்துக் குடித்தவளாயிற்றே.

வேதவல்லிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. மாடியைப் பார்த்துக் கத்தினாள். "ஏன்னா! என் பாஸ்போர்ட்டையும் ஜாதகத்தையும் எடுத்துண்டு வாங்கோ!"

நரசிம்மன் சோப்பு நுரை முகத்தோடு இறங்கி வந்தான். "ஜாதகம் எதுக்குடி? இன்னொரு கல்யாணம் பண்ணிக்கப் போறியா?"

பாஸ்போர்ட்டில் ஜூன் ஒன்று. ஜாதகத்தில் ஐப்பசி, அதாவது அக்டோபர் கடைசி. ஐந்து வயது நிரம்பாத பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க அவள் அப்பா கூசாமல் சொன்ன தேதி ஜூன் ஒன்று. அந்தப் பொய் அவளோடு விமானமேறிக் கனடாவரை வந்துவிட்டது.

"உங்க கொள்ளுத் தாத்தாவும் எங்கப்பா கட்சிதான் ஜீன்! இருபதாம் தேதிக்கு முன்னாடியே குழந்தை பொறந்தாச்சு, பதியப் போறதுக்குள்ள கெடு தாண்டிடுத்து. அபராதத்துக்குப் பயந்து குழந்தையைத் தாமதமாப் பொறக்க வெச்சுட்டார். பாதிரியார்கிட்ட பொய் சொல்லக் காரணமே இல்லையே."

ஜீன் அவளையே உற்றுப் பார்த்தாள். "அப்போ போன ஜூன் ஒண்ணாம் தேதி நான் செய்த கேக்?"

"முட்டையில்லாம அவ்வளவு பாடுபட்டுப் பண்ணினேளே, எப்படிச் சொல்றதாம்?"

பாஸ்போர்ட், ஜாதக நகல்களோடு அன்றே கடிதம் போயிற்று. மூன்று வாரம் தபால்பெட்டியை ஜீனைவிட வேதவல்லிதான் அதிகம் எட்டிப் பார்த்தாள். ஐயோ, எல்ஸி நம்பாமல் போய்விட்டால் இவள் தாங்குவாளா?

பதில் வந்தது. "என் கொள்ளுத் தாத்தா பொய்யர் என்று ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. அலெக் பிறந்த அந்த வீட்டில்தான் நான் தனியாக இருக்கிறேன். சீக்கிரம் வா."

ஜூலையில் போன ஜீன் ஆகஸ்டில் திரும்பவில்லை, செப்டம்பரிலும் இல்லை. அக்டோபர் கடைசியில் வேதவல்லிக்கு ஒரு பிறந்தநாள் வாழ்த்து அட்டை வந்தது. அடியில் இரண்டு பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.