தட்டில் இரண்டு மீன்

என் இரண்டு மகன்களும் ஒரே காய்ச்சலில் விழுந்தார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எங்கள் ஊரான பாலிகேயின் ஆலயத்தில் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்லி ஜெபித்தோம். ஒரே மருந்து, ஒரே ஜெபம். மூத்தவன் மரோலோப் போய்விட்டான். இளையவன் சாஹாத் எழுந்து நடந்து வீட்டுக்கு வந்தான்.

நோயிலிருந்து மீண்டவனுக்குத் தாய்மாமன் வந்து, முழுக் கெண்டை மீனைத் தன் கையால் ஊட்டி ஆசீர்வதிக்க வேண்டும். எங்கள் பர்தெடே குலத்தில் அதை விட்டவர்கள் கிடையாது. என் மனைவி வேண்டாம் என்றாள். மரோலோப்பின் கல்லறையில் சிமெண்டு இன்னும் காயவில்லை என்றாள். நான் விடவில்லை. நான் சபை மூப்பன். என் வீட்டில் நன்றி விருந்து நடக்காவிட்டால், பிள்ளை போன கோபத்தில் கடவுளோடு பேச்சை நிறுத்திக்கொண்டான் என்று சந்தை வரைக்கும் பேசுவார்கள். சொல்ல வேண்டிய ஜெபத்தையும் மனத்துக்குள் கட்டி வைத்திருந்தேன். எங்கள் மன்றாட்டைக் கேட்டு இவனைக் காத்தீரே என்று அது தொடங்கும்.

சனிக்கிழமை மதியம் மைத்துனர் ஜிந்தார் வந்தார். மரோலோப்பின் உடல்மேல் எங்கள் சடங்குத் துணியான உலோஸைப் போர்த்தியவரும் அவர்தான். அதுவும் தாய்மாமன் கடமை. உறவுக்காரர்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். மூப்பர் வீட்டில் பாய்கூட விறைப்பாகத்தான் படுத்திருக்கிறது என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

ஜிந்தார் தட்டின் மூடியை எடுத்தார். மஞ்சள் மசாலாவில் இரண்டு மீன்கள்.

ஒன்று, மூன்று, ஐந்து, எப்போதும் ஒற்றைப்படைதான். இரட்டை வைப்பது ஆகாது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சமைத்தவள் ஜிந்தாரின் மனைவி தியுர்.

"பசங்க ரெண்டு பேருன்னே கை பழகிப்போச்சு, அண்ணே," என்றாள்.

பெண் கொடுத்த வீட்டாரைக் கடிந்து பேச எங்களில் யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் அத்தனை கண்களும் தட்டின் மேல் இருந்தன. ஒன்றை எடுத்துவிடும்படி மெதுவாகக் கேட்டுக்கொண்டேன். ஜிந்தார் ஒரு மீனை வாழையிலையில் எடுத்து ஓரமாக வைத்தார்.

அதுவரை பேசாத சாஹாத் கேட்டான்.

"ஏன் மாமா அது?"

"எது?"

"அதை ஏன் எடுத்தீங்க? இதை ஏன் விட்டீங்க?"

ஜிந்தார் தன் விரல்களைப் பார்த்தார்.

"கைக்குப் பக்கத்துல இருந்துச்சு, மாப்ள. வேற ஒண்ணுமில்ல."

என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். தியுர் பின்னாலேயே ஓடினாள். சாஹாத் மாமனைப் பார்த்து வாயைத் திறந்தான். அவர் ஊட்டினார். மாத்திரை விழுங்குவதுபோல் மெல்லாமல் விழுங்கினான்.

பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்து நின்றேன். எங்கள் மன்றாட்டைக் கேட்டு என்று தொடங்கினால், மரோலோப்புக்கும் அதே மன்றாட்டுத்தான். அடுப்படியில் அவன் தாய் நிற்கிறாள். கட்டி வைத்த ஜெபத்தில் அவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தையும் இல்லை.

முதுகை நிமிர்த்திக் கண்ணை மூடி, சோற்றுக்கும் மீனுக்கும் நன்றி சொன்னேன். ஆமென் என்றேன்.

பதிலுக்கு ஆமென் வர நேரமாயிற்று. இன்னும் ஏதோ சொல்வேன் என்று எல்லாரும் தலை குனிந்தபடியே காத்திருந்தார்கள்.