ஸ்டெப்னிக் குழி

பின்சக்கரம் வெடித்ததும் பாக்ஸ்காரன் வண்டியை ஓரங்கட்டினான். மாற்றுவதற்கு வண்டியில் வேறு சக்கரம் இல்லை. பின்சீட்டில் வலி வந்து துடித்துக்கொண்டிருந்தாள் அவன் தங்கை. நிறைமாதம், தலைப்பிரசவம்.

கார் அவள் புருஷனுடையது. வெளியூர் வேலைக்குக் கிளம்பும்முன் மச்சானிடம் வண்டியை ஒப்படைத்து, நல்லதாக ஒரு சப்வூஃபர் ஸ்பீக்கர் வைத்துத் தரச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். குழந்தை வந்தால் ஆயிரம் சாமான் வரும், டிக்கி இடத்தை அடைக்காதே என்று தங்கை கறாராகச் சொன்னாள். கார்களுக்கு ஸ்பீக்கர் பெட்டி செய்வதே பிழைப்பாகி, பாக்ஸ்காரன் என்று பேர் வாங்கியிருந்தவன் ஒரு வழி கண்டுபிடித்தான். டிக்கிக்கு அடியிலிருந்த ஸ்டெப்னிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, அந்தக் குழியின் அச்சிலேயே ஃபைபரில் பெட்டி வார்த்து, ஊசி நுழைய இடமில்லாமல் அடைத்து, மேலே கார்ப்பெட் விரித்தான். ஸ்டெப்னி எங்கே என்று அவள் கேட்டதற்கு, இந்தக் காலத்தில் யார் அதைத் தொடுகிறார்கள் என்று சிரித்தான். அது அவன் பட்டறைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

குறுக்குவழி என்று அவன் திருப்பிய சாலையில் இருபுறமும் பூட்டிய குடோன்கள். விடுமுறை நாள், ஈ காக்கை இல்லை. ஆம்புலன்ஸுக்கு அடித்தான், வருகிறோம், தூரத்தில் இருக்கிறோம் என்றார்கள். வெடித்த டயரோடே உருட்டிப் பார்த்தான். ரப்பர் கிழிந்து சுற்றிக்கொண்டு வண்டி ஒரு பக்கமாக இழுக்க, தங்கை அலறினாள். நிறுத்திவிட்டான்.

காலி மனைக்கு அப்பால் ஒரு தகரக் கொட்டகையில் மட்டும் இயந்திரம் ஓடும் இரைச்சல் கேட்டது. இறங்கி ஓடினான். பாதி தூரம்கூடப் போகவில்லை, அவள் குரல் பிடித்து இழுத்தது.

"தனியா விட்டுட்டுப் போகாதண்ணா."

திரும்பி வந்து ஹாரனை அழுத்தினான், கை வலிக்கும்வரை. இயந்திர இரைச்சலில் அது யார் காதிலும் விழவில்லை.

அப்போதுதான் டிக்கியைத் திறந்து கார்ப்பெட்டை உருவி எறிந்தான். பெட்டிகளைச் சோதிக்க ஃபோனில் வைத்திருந்த ஒற்றை ஓசையைப் போட்டு, சத்தத்தை முழுக்க ஏற்றினான்.

"இப்பவா பாட்டு போடுற, பாவி?" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

மூடிய டிக்கிக்காகச் செய்த பெட்டி அது. திறந்தால் பாதி பலம் காற்றோடு போய்விடும். ஆனால் கொட்டகைத் தகரம் ஏதோ ஒரு ஓசைக்கு நடுங்கியே தீரும், அது எந்த ஓசை என்பதுதான் தெரிய வேண்டும். ஓசையின் சுருதியைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். நம்பர் பிளேட் அதிர்ந்தது, கண்ணாடி அதிர்ந்தது. இன்னும் இறக்கினான். தூரத்துக் கொட்டகையின் கூரைத் தகடுகள் ஒன்றோடொன்று மோதிக் கடகடக்கத் தொடங்கின. அங்கேயே நிறுத்தினான்.

யாரும் வரவில்லை. ஸ்பீக்கருக்குள் கம்பிச்சுருள் கருகும் நாற்றம் வந்தது. அதையும் மூச்சில் இழுத்துக்கொண்டு நின்றான். பிறகு ஸ்பீக்கர் ஒரு விக்கல் விக்கி அடங்கிவிட்டது. அவன் அப்படியே சாலையில் உட்கார்ந்தான்.

கொட்டகைக் கதவு திறந்தது. அங்கே சரக்கு தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் கையில் ஸ்பானரோடு, கூரையை ஆட்டுவது எவன் என்று கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே வந்தார். பின்சீட்டை எட்டிப் பார்த்தார். திட்டுவதை விட்டுவிட்டு, வந்த வழியே திரும்பி ஓடினார்.

கொட்டகையிலிருந்து லோடு வண்டி வந்தது, அங்கே பழைய அட்டைகளைப் பிரிக்கும் பெண்கள் இருவர் அதில். அட்டைகளைப் பரப்பி அவளைக் கிடத்தினார்கள். ஆஸ்பத்திரி வாசல் தெரிவதற்குள் குழந்தை பிறந்துவிட்டது. பெண் குழந்தை, அழவில்லை. இருவரில் பெரியவள் குழந்தையைக் குப்புறப் பிடித்து முதுகைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "கத்துடி தங்கம், கத்து." கடைசியில் பூனைக்குட்டிபோல் ஒரு முனகல் வந்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தையை இன்குபேட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். பாக்ஸ்காரன் மாப்பிள்ளைக்கு ஃபோன் போட்டு, ஸ்டெப்னியில் தொடங்கி ஒன்றுவிடாமல் சொன்னான். மாப்பிள்ளை, கிளம்பி வருவதாக மட்டும் சொன்னான்.

தங்கை கண் திறந்ததும் அவன் அவள் காலடியில் போய் நின்றான்.

"நீ பாட்டு போடுறேன்னு நினைச்சு உன்னைக் கொன்னுடலாம்னு இருந்துச்சு," என்றாள்.

"கொன்னிருக்கலாம்மா."

"குழந்தை பிழைக்கட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

குழந்தை பிழைத்தது. அதைத் தங்கையின் மடிக்குக் கொண்டுவந்த அன்றைக்கும், இவன் வராந்தாவிலேயே நின்றுகொண்டிருந்தான். உள்ளே வா என்று அவள்தான் கூப்பிட வேண்டியிருந்தது.