கணவாயில் மட்டும் ஒழுகும் வண்டி

அனார்குல், மலைக்கு அப்பால் இருக்கும் தலாஸ் ஊருக்கு ஆள் ஏற்றிப் போகும் வாடகைக் கார் ஓட்டுபவள். தோ-அஷூ கணவாயைத் தாண்டும்போதெல்லாம் வண்டியில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஒரு கோப்பை அளவு குறைந்துவிடும். அதற்காக மலையடிவாரத்து ஊரான காரா-பால்தாவில் மெக்கானிக் ஜோல்தோஷின் பட்டறைக்கு மூன்று முறை போய்விட்டாள். ஒவ்வொரு முறையும் அவன் ஆறிப்போன எஞ்சினுக்குக் கீழே குனிந்து பார்த்துவிட்டு, சொட்டுகூட இல்லையே என்றான். மூன்றாம் முறை, டீ குடித்துக்கொண்டிருந்த ஆட்களைப் பார்த்துச் சிரித்தான்.

“அக்காவுக்குக் கனவுல ஒழுகுது போல.”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. “ஏறு தம்பி வண்டியில. கனவை நேர்லயே காட்டுறேன்.”

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் அவனால் மறுக்க முடியவில்லை. ஒரு மணி நேரம் ஏற்றத்தில் ஓட்டி, ஒரு வளைவில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமலே பானெட்டைத் திறந்தாள். ரேடியேட்டரின் மேல்தொட்டியில் மயிரிழை போன்ற வெடிப்பிலிருந்து கூலன்ட் மெல்லியதாகப் பீறிட்டது. சூடான எஞ்சின்மேல் பட்டதும் ஆவியாகிப் போனதால் தரையில் ஒரு சொட்டும் இல்லை.

“சூடேறி அழுத்தம் கூடினாத்தான் இது திறக்குது. ரொம்பச் சின்னதுக்கா.”

“சின்னதா இருந்தா இல்லைன்னு ஆயிடுமா? ஏத்தத்துலதான் குறையுதுன்னு மூணு தடவையும் சொன்னேனே, காதுல விழுந்துச்சா?”

விழுந்தது என்று முனகினான்.

பட்டறைக்குத் திரும்பியபோது டீ குடித்த ஆட்கள் இன்னும் அங்கேயே இருந்தார்கள்; அவள் சாவியைக் கொடுக்காமல் நின்றாள். “அங்க பாத்ததை இவங்ககிட்டயும் சொல்லு.”

“ரேடியேட்டர்ல வெடிப்பு இருக்கு,” என்றான் தரையைப் பார்த்தபடி. “அக்கா சொன்னது சரிதான்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சாவியைக் கொடுத்த பிறகும் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. அவன் ரேடியேட்டரை மாற்றி முடிக்கும்வரை நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள்.