சம்மணம் போட்ட மாஸ்டர்

போன வாரம் மாட்டிய கிளட்ச் பிளேட்டிலிருந்து இந்த வாரமே கருகல் வாசனை வந்தால் எந்த முதலாளிக்கும் வயிறு எரியும். டிரைவிங் ஸ்கூல் முதலாளிக்குக் கூடுதலாகவே எரிந்தது. அந்தக் காரில் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாஸ்டர், அவருடைய தங்கை புருஷன். வெளியாளாக இருந்தால் நாலு வார்த்தையில் திட்டி முடித்துவிடலாம். மாப்பிள்ளையை மரியாதையாகத்தான் திட்ட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும்.

"மாப்ளே, இன்னிக்கு நானே பின் சீட்டுல வர்றேன். மேம்பாலத்துல ஏத்திப் பாப்போம். வாசனை வந்துச்சுன்னா, தப்பா நினைக்காதீங்க, நாளையிலேருந்து ஆபீஸ்ல என் எதிர் டேபிள்ல உக்காந்து அப்ளிகேஷனுக்குப் போட்டோ ஒட்டலாம்" என்று சொல்லிவிட்டு, போனில் யாரையோ விரட்டக் கேட் பக்கம் போனார்.

மாஸ்டருக்குப் போட்டோ ஒட்டுவதில் ஆட்சேபணை இல்லை. எதிர் டேபிள்தான் குலையை நடுக்கியது. பகல் முழுக்க மச்சானின் மூக்கைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால், அங்கேயும் அதே மூக்கு, மனைவியின் முகத்தில் காத்திருக்கும்.

அவருக்கு 'கூல் மாஸ்டர்' என்று பெயர். எதிரே லாரி வந்தாலும், எருமை வந்தாலும், "ஒண்ணும் ஆகாது, மெதுவா" என்பார். குரல் இம்மியும் பிசகாது. கழுத்துக்கு மேலே அப்படி. முழங்காலுக்குக் கீழே என்ன நிலவரம் என்று யாரும் பார்த்ததில்லை, அவர் உட்பட.

இப்போது ஸ்டியரிங்கில் இருந்தவர் பல் டாக்டர். "டாக்டரம்மா, கிளட்ச்ல பாதிக் கால் வச்சே ஓட்டுறீங்க, அதான் எரியுது" என்று மாஸ்டர் தினமும் சொல்ல, ஊர் வாயையெல்லாம் திறக்க வைக்கும் அந்த அம்மாள் தன் வாயை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான் வர்றதுக்குள்ள ஒரு தடவை செக் பண்ணிடலாம்" என்றார் மாஸ்டர்.

இன்ஜினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போடச் சொன்னார். வழுக்கிக்கொண்டு விழுந்தன. ஸ்டார்ட் செய்து முதல் கியர், ரிவர்ஸ். கரகரப்பே இல்லை.

"கியர்பாக்ஸ் நல்லாருக்கு. மிதிச்சா கிளட்ச் முழுசா விடுது. விட்டா பிடிக்குதான்னு இப்ப தெரிஞ்சிடும். ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுங்க. நாலாவது போட்டு, கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்து, கிளட்ச்சை விடுங்க. பிடிச்சா இன்ஜின் நின்னுடணும்."

இன்ஜின் நிற்கவில்லை. உறுமிக்கொண்டே இருந்தது. வாசனையும் வந்தது.

"போச்சு. வழுக்குது. இதுவும் காலி."

"மாஸ்டர், என் கால் கிளட்ச்ல இல்லையே" என்று டாக்டர் இடது காலைத் தூக்கிக் காட்டினார். "ஆனா பெடல் பாதியிலயே நிக்குது. யாரோ மிதிச்சிட்டிருக்காங்க."

பயிற்சிக் காரில் மாஸ்டர் பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் உண்டு. ஒரு பக்கம் மிதித்தால் மறுபக்கமும் இறங்கும். இருவரும் குனிந்து பார்த்தார்கள். மாஸ்டரின் ஷூ அந்த கிளட்ச்சின் மேல் சொந்த வீட்டில் இருப்பது மாதிரி உட்கார்ந்திருந்தது.

"நீ எப்படா அங்க போன?" என்று மாஸ்டர் தன் காலையே கேட்டார்.

"என் நாற்காலியில உக்கார்றவங்க பயத்துல என் கையைப் புடிச்சுக்குவாங்க. நீங்க கிளட்ச்சைப் புடிச்சுக்கிறீங்க."

"பயமா? எனக்கா? நான் எத்தனை பேருக்கு..."

"அவங்களும் இப்படித்தான் ஏதோ சொல்வாங்க. வாய் திறந்திருக்கறதால சரியாப் புரியாது."

காலைத் தரையில் வைத்து மறுபடி பார்த்தார்கள். வண்டி மறுபடி உறுமியது. கால் ஓசைப்படாமல் திரும்பப் போயிருந்தது. "மடிச்சு மேல வச்சுக்கோங்க" என்றார் டாக்டர். மாஸ்டர் ஷூவைக் கழற்றிவிட்டுச் சீட்டில் சம்மணம் போட்டார். இந்த முறை இன்ஜின் ஒரு விக்கல் விக்கி, நின்றேபோனது.

பிளேட் நன்றாகத்தான் இருந்தது. 'உங்க காலுக்குக் கார் சரிப்படாது' என்று தான் சொன்னதும் நடுரோட்டில் அழுது, பயிற்சியையே விட்டுப்போன ஒரு கணக்கு டீச்சர் மாஸ்டரின் நினைவுக்கு வந்தார்.

அதற்குள் முதலாளி பின்னால் ஏறிவிட்டார். "என்ன மாப்ளே, சாப்பாட்டுக்கு உக்காந்த மாதிரி?"

"மூட்டு வலி மச்சான்."

"அதுக்குக் காலை நீட்டுவாங்க."

"இது வேற மூட்டு."

மேம்பாலத்தின் பாதி ஏற்றத்தில் முன்னால் போன லாரி நின்றது. காரும் நின்றது. லாரி நகர்ந்ததும் டாக்டர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க, கார் ஒரு சாண் பின்னால் உருண்டது. பின்னால் நின்ற பஸ் அலறியது.

"மாப்ளே! மிதிங்க!" முதலாளி பாய்ந்து மாஸ்டரின் சட்டைக் காலரைப் பிடித்தார். "மிதிங்கங்கறேன்ல!"

மாஸ்டரின் காலும் அதையேதான் விரும்பியது. இரண்டு கால் கட்டை விரல்களையும் இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டார். "டாக்டரம்மா, பிரேக்கை மிதிங்க. அப்படித்தான். இப்ப கிளட்ச்சை மெதுவா விடுங்க, வண்டி லேசா நடுங்கும். அங்கேயே புடிச்சு வச்சுட்டு ஆக்சிலேட்டர்." கூல் மாஸ்டரின் குரல் முதல் முறையாகக் கிழிந்தது.

கார் நடுங்கியது. மூக்கைத் தூக்கியது. ஏறியது.

இறக்கம் முடிந்து ஓரமாக நிறுத்தியபோது முதலாளி மோப்பம் பிடித்தார். அவருடைய வியர்வையைத் தவிர வேறு வாசனை இல்லை.

"நான் அவ்வளவு கத்தினேனே, ஏன் மிதிக்கல?"

"மிதிச்சிருந்தா கால் கிளட்ச்சுக்குத்தான் போயிருக்கும் மச்சான், வாசனை வந்திருக்கும். இத்தனை நாளா வந்தது அப்படித்தான். கத்துக்க வந்தவங்க யாரும் எரிக்கல. என் கால்தான்."

முதலாளி, தன் கை இன்னமும் மாப்பிள்ளையின் காலரைப் பிடித்துக்கொண்டிருப்பதைக் கண்டார். விரல் விரலாக விடுவித்துக்கொண்டார்.

"போட்டோவை நானே ஒட்டிக்கறேன். நீங்க இப்படியே உக்காந்து சொல்லிக்கொடுங்க." இறங்கிக் கதவைச் சாத்தினார். "நான் நடந்தே போறேன்."

"மச்சான், அந்தக் கணக்கு டீச்சரைத் திரும்ப வரச் சொல்லுங்க. காசு கேக்காதீங்க."

முதலாளி திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் ஆட்டினார். சரி என்றும் வைத்துக்கொள்ளலாம், தொலை என்றும் வைத்துக்கொள்ளலாம்.

மாஸ்டர் காலைப் பிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "டாக்டரம்மா, ரெண்டு காலும் மரத்துப்போச்சு."

"கொஞ்ச நேரத்துல தெளிஞ்சிடும்" என்று நோயாளிகளிடம் சொல்லும் அதே குரலில் சொல்லி, டாக்டர் முதல் கியரைப் போட்டார். "அதுவரைக்கும் சூடா எதுவும் குடிச்சிடாதீங்க."