பந்தலின் நாலாவது கால்

குழாய்க்காரர் ஏணியில் நின்று சுவரோரக் குழாயைப் பாதி அறுத்த பிறகுதான் அவள் பார்த்தாள். சுரைப்பந்தலின் நாலாவது மூலை அந்தக் குழாயில்தான் கட்டியிருந்தது.

"நிறுத்துங்க!"

"மூணு கால் பந்தலை இப்பத்தாம்மா பாக்குறேன்," என்றார் அவர். "மேல் பிடியெல்லாம் கழட்டியாச்சு. இனி நிக்காது."

குழாய் மெல்லச் சாய்ந்தது. கணவன் ஓடிவந்து மூலைக்குத் தோள் கொடுத்தான். கம்பு நடத் தோண்டிய இடத்தில் பாறை தட்டியதால் குழாயோடு கட்டியவன் அவன்தான். குழாய் பக்கத்து வீட்டில் இருக்கும் அவனுடைய சொந்த அண்ணனுடையது. சுவர்த் தகராறுக்குப் பிறகு ஏழு மாதமாக இருவருக்கும் பேச்சில்லை.

மேலே ஏழு விதைச்சுரைகள் தொங்கின. அவளிடம் அந்த ரகத்துக்கு இந்த ஒரு கொடிதான். காய்கள் இன்னும் பன்னிரண்டு நாள் கொடியிலேயே முற்ற வேண்டும். தண்டு ஒடிந்தால் அத்தனையும் பதர்.

"எவ்வளவு நேரம் தாங்குவீங்க?"

"பேச்சுக் குடுக்காதே!"

பந்தல் அவன் தோளை அழுத்தி இறங்கியது. மூலையில் தண்டு வில்லாக வளைந்தது. அவள் கத்தியை எடுத்தாள்.

"ஏய், அறுக்காதே! எல்லாம் பிஞ்சு விதை!"

"கொடியே போனா மிச்சம் என்னங்க இருக்கு?"

கனமான நான்கை அறுத்து இறக்கினாள். ஒவ்வொன்று இறங்கும்போதும் பந்தல் ஒரு விரல் உயர்ந்தது. மூன்று மிஞ்சின. அப்படியும் அவன் முகத்தில் வியர்வை நிற்கவில்லை.

அவள் சுவரோரம் போனாள்.

"மாமா! துணிக்கொடிக் கம்பி கட்டுற இரும்புக் கம்பத்தைக் கொஞ்சம் குடுங்க."

"உன்னை யாரு கேக்கச் சொன்னது?" என்று கணவன் முனகினான்.

மூத்தவர் கம்பத்தோடு வாசல் வழியாகவே வந்தார். "நான்தான் கட்டுவேன். உன் புருஷன் கட்டுன லட்சணத்தைத்தான் பாத்தோமே."

பாறை மேலேயே கம்பத்தை ஊன்றி, அடியைச் சுற்றிக் கல் அடுக்கினார். தம்பியின் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்று தண்டைத் தடவிப் பார்த்தார். மேல்தோல் கீறியிருந்தது, உள்ளே உடையவில்லை.

"கொஞ்சம் தாழ்த்துடா," என்றார்.

தம்பி தாழ்த்தினான்.