கடல் தொட்டி

பிள்ளைகளின் சத்தம் ரோட்டுப் பக்கம் தேய்ந்து போன பிறகு, கல்யாணசுந்தரி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கைகளையும் முழங்கைக்கு மேல்வரை தொட்டிக்குள் விட்டாள். தேங்காய் நாரால் கண்ணாடியின் உட்புறத்தை அழுத்தித் தேய்த்தாள். பச்சைப் பாசி மயிர்க்கற்றை போலக் கொத்துக்கொத்தாகக் கழன்றது. கழன்றதில் பாதிதான் கையோடு வந்தது. மீதி நீரில் கலைந்து மிதந்து பவளக் கற்களின் இடுக்குகளில் போய் ஒட்டிக்கொண்டது. திங்கட்கிழமை தேய்த்தால் வியாழக்கிழமைக்குள் மறுபடியும் விரல் நீளத்துக்கு ஆடிக்கொண்டு நிற்கும். உப்புநீர் பட்டுப் பட்டு அவளுடைய நகக்கண்கள் வெடித்திருந்தன.

அந்தத் தொட்டி மேனேஜர் கருணாகரனின் ஆசை. எங்கோ ஓரிடத்தில் கடல்மீன்களைக் கண்ணாடிக்குள் பார்த்துவிட்டு வந்தவர், தன் பள்ளிக்கூடத்திலும் அப்படி ஒன்று வேண்டுமென்று தேக்கில் சட்டம் அடித்து, கண்ணாடி பதித்து, மூட்டுகளில் தார் பூசி, சயன்ஸ் அறையின் தெற்கு ஜன்னலோரம் வைத்தார். பொழியூரிலிருந்து குடங்களில் கடல்நீர் மாட்டுவண்டியில் வந்தது. குளச்சல் பக்கத்துப் பாறைகளிலிருந்து உயிருள்ள பவளம் ஒட்டிய கற்களும், பூப்போல விரியும் உயிர்களான இரண்டு கடற்சாமந்திகளும், ஒரு கடல் முள்ளெலியும், கோடு போட்ட சின்ன மீன்களும் வந்தன. நீருக்குக் காற்று வேண்டும். அதற்கு லாரி டியூப் ஒன்றைச் சைக்கிள் பம்பால் நிரப்பி, அதன் வாயில் ரப்பர் குழாய் மாட்டி, நாள் முழுவதும் குமிழ் குமிழாகத் தொட்டிக்குள் கசியவிட்டார்கள். காலையும் மாலையும் டியூபுக்குக் காற்றடிப்பது பியூன் பொன்னப்பனின் வேலை. மற்றதெல்லாம் சயன்ஸ் டீச்சரான கல்யாணசுந்தரியின் பொறுப்பு.

வெயில்தான் பாசியை வளர்க்கிறது, தொட்டியை ஜன்னலைவிட்டு நகர்த்தலாம் என்று அவள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியாதே என்றார் மேனேஜர். பிள்ளைகள் திருட்டுத்தனமாகப் போடும் இறால் துணுக்குகளும் அழுகி அதற்கு உரமாகின்றன என்றாள். அது டீச்சர் பார்த்துக்கொள்ள வேண்டிய காரியமல்லவா என்றார். போன வாரம் மற்ற டீச்சர்களின் முன்னால், "இது கடலோ குளமோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். நாளை மறுநாள் கல்வித் துறையின் பெரிய அதிகாரி வருகிறார்.

அது 1954, எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டு. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று ஒரு கூட்டம் கொடி பிடித்தது. ஒரு துண்டு மண்ணும் தரமாட்டோம் என்று இன்னொரு கூட்டம் கத்தியது. கல்யாணசுந்தரிக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். கணவன் முத்துக்குமாரசாமி தாலுகா ஆபீசில் குமாஸ்தா. வாயைத் திறக்காமல் இருந்தால் இரண்டு பேர் வேலையும் நிலைக்கும் என்பது அவன் எண்ணம். டீச்சர்கள் அறையில் யாராவது தமிழரைப் 'பாண்டிக்காரன்' என்று இளக்காரமாகச் சொல்லும்போது அவள் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பாள்.

"டீச்சரே," என்று வாசலில் பொன்னப்பன் நின்றான். "நான் இன்னைக்கு நேரத்தே போறேன். பாறசாலையில நம்ம கூட்டம் உண்டு. காத்து அடிச்சு வச்சாச்சு. நீங்க ஒண்ணு பூட்டிட்டுச் சாவிய ஆணியில போட்டுருங்க."

அவன் அவளிடம் எப்போதும் தமிழில்தான் பேசுவான். அதிலும் அந்த 'நம்ம' என்ற சொல்லை அவள்மீதும் ஒரு ஓரம் படும்படியாகத்தான் சொல்வான். அவள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "பொய்க்கோ" என்று மலையாளத்தில் போகச் சொன்னாள்.

அவன் போன பிறகு மறுபடியும் தேய்த்தாள். நீர் முழுவதும் பச்சையாகக் கலங்கி, கடற்சாமந்திகள் கண்ணுக்குத் தெரியாமல் போயின. கையிலிருந்த நாரை வீசிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். எதிர் அலமாரியில் துரிசு பாட்டில் இருந்தது. வாழைக்கும் கமுகுக்கும் கலந்து தெளிக்கிற அதே நீலத் துரிசு, மயில்துத்தம். குளத்துப் பாசிக்கு ஒரு சிட்டிகை போட்டால் போதும் என்று படித்திருக்கிறாள். நத்தை, நண்டு மாதிரியானவற்றுக்கு அது விஷம் என்பதும் அதே பக்கத்தில்தான் இருந்தது. அது அவளுக்கு மறக்கவில்லை. அந்த நேரத்தில் நினைவுக்கு வரவேண்டாம் என்று நினைத்தாள், அவ்வளவுதான். ஒரு கரண்டி துரிசைப் பீக்கரில் கரைத்து ஊற்றினாள். நீலம் புகை போல இறங்கிப் பரவியது. அறையைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

காலையில் வராந்தாவின் கோடியிலேயே நாற்றம் அடித்தது. பாசி வெளுத்துக் கிடந்தது உண்மைதான். பவளமும் வெளுத்துக் கிடந்தது. கடற்சாமந்திகள் கரைந்து சளி போலக் கல்லில் வழிந்திருந்தன. முள்ளெலியின் முட்கள் உதிர்ந்து அடியில் கிடந்தன. கோடு போட்ட மீன்கள் பால் நிற நீரில் வயிறு காட்டி மிதந்தன. ஒன்றுமட்டும் மேலே வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

மேனேஜர் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "நேற்று ஆரா பூட்டியது?"

"பொன்னப்பன்தான் எப்பவும் பூட்டுவான்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ் சரசம்மா.

பொன்னப்பனைக் கூப்பிட்டார்கள். நேற்று நேரத்தே போய்விட்டேன் என்றான். எங்கே போனாய் என்று கேட்டார்கள். அவன் ஒரு கணம் கல்யாணசுந்தரியைப் பார்த்தான். பிறகு, கூட்டத்துக்கு என்றான்.

"கேட்டோ? இது அவம்மாருடெ பணியா" என்று கொடி பிடிக்கிறவர்கள்மேல் பழியைப் போட்டார் மேனேஜர். அவர் முகத்தில் கோபத்தோடு ஒருவிதத் தெளிவும் வந்திருந்தது.

"நான் இல்ல சாரே. டீச்சர்ட்ட கேளுங்க. டீச்சராக்கும் பொறவு நின்னது."

எல்லோரும் திரும்பினார்கள். "டீச்சர் எப்போழா போயது?" என்று கேட்டார் மேனேஜர்.

கல்யாணசுந்தரியின் புறங்கையில் ஒரு நீலப் பொட்டு இருந்தது. அதைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள். "மணி அடிச்ச உடனே" என்று மலையாளத்தில் சொன்னாள். குரல் நடுங்கவில்லை. அது நடுங்காமல் இருந்ததைத்தான் பிறகு பல நாள் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பொன்னப்பனை அப்போதே வேலையை விட்டுப் போகச் சொன்னார் மேனேஜர். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காக்கிச் சட்டையின் பித்தளைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். சட்டை பள்ளிக்கூடத்துடையது. அதை மடித்து ஸ்டூல்மேல் வைத்துவிட்டு வெறும் மேலோடு வெளியே நடந்தான்.

வீட்டில் உண்மையைச் சொன்னபோது முத்துக்குமாரசாமி சோற்றைப் பிசைந்துகொண்டே, "அவன் எப்படியும் கொடி பிடிச்சவன்தான. இண்ணைக்கு இல்லேன்னா நாளைக்கு மேனேஜர் அனுப்பியிருப்பான். நீ சும்மா இரி" என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான். அவள் தன் சோற்றை மூடிவைத்துவிட்டு எழுந்தாள்.

அதற்குச் சில நாட்கள் கழித்து மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச்சூடு நடந்து ஆட்கள் செத்தார்கள். போலீஸ் வீடுவீடாகத் தேடியது. பொன்னப்பனையும் பிடித்து இரண்டு நாள் ஸ்டேஷனில் உட்காரவைத்துப் பிறகு விட்டுவிட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். ஓணத்துக்குப் பள்ளிக்கூடம் அடைத்ததும், கோயிலுக்குப் போவதாகக் கணவனிடம் சொல்லிவிட்டு பொன்னப்பனின் ஊரான குன்னத்துகாலுக்கு பஸ் ஏறினாள்.

வீடு மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டங்களுக்கு நடுவே, ஓலை வேய்ந்து, சாணம் மெழுகிச் சுத்தமாக இருந்தது. முற்றத்தில் கிழங்கைச் சீவிப் பாயில் காயப்போட்டிருந்தார்கள். பொன்னப்பனின் மனைவி விலாசினி அவளைக் கண்டதும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"டீச்சரா? அவிய உங்களப் பத்திச் சொல்லுவாவ. வாருங்க, இரியுங்க. நம்ம ஆளுன்னு ஒருத்தியாவது தேடி வந்தியளே. ஒரு வாய் சாயா குடிச்சிட்டுத்தான் போணும்."

அவள் அடுப்பு ஊதப் போன பிறகு பொன்னப்பன் வந்தான். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தான். இருங்கள் என்று சொல்லவில்லை. கல்யாணசுந்தரி எழுந்து நின்றாள்.

"அது நான்தான்" என்றாள் தமிழில். "பாசிக்கு மருந்து போட்டேன். எல்லாம் செத்துப்போச்சு. நீ இல்லேன்னு எனக்குத் தெரியும். மேனேஜர்ட்ட போய்ச் சொல்லப்போறேன்."

"நான் தன்னால செத்துதுன்னு நெனச்சேன்" என்றான் பொன்னப்பன். "அண்ணைக்கு உங்கள பாத்து நின்னேனே. ஏன் டீச்சரே?"

பாயில் காய்ந்த கிழங்கை ஒரு கோழி கொத்தியது. இருவரும் அதை விரட்டவில்லை.

"இனி சொல்லாண்டாம்" என்றான் அவன்.

"இல்ல, வேலை திரும்பக் கிடைக்கும்..."

"சொல்லாண்டாம்னு சொல்லுதேன்." அடுக்களைப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மார்த்தாண்டத்துல போலீஸ் வெடி வச்ச அண்ணைக்கு நானும் போயிருந்தேன். மொதச் சத்தத்துக்கே ஓடினேன். கூட வந்தவன் கீழ விழுந்தான். கைய நீட்டினான். நான் நிக்கல. ஊருக்கு வந்தப்பம் நீ என்ன செய்தன்னு எல்லாவனும் கேட்டானுவ. தொட்டியில விஷம் வச்சதுக்கு என்னெ வேலைய விட்டு அனுப்பினாவன்னு முன்னாலயே ஊரு முழுக்கப் பேச்சாக்கும். இல்ல இல்லன்னு சொல்லிட்டுத் திரிஞ்சவன், அண்ணைக்கு ஆமான்னு சொல்லிட்டேன். பொறவு மாலை போட்டானுவ." அவன் தரையைப் பார்த்தான். "அவளும் அத நம்பித்தான் தல நிமிந்து நடக்குதா."

கல்யாணசுந்தரிக்கு முதலில் தோன்றியது நிம்மதி. இனி மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டாம். வேலை போகாது. நெஞ்சு தானாக இளகி மூச்சு ஒன்று வெளியே வந்தது. அந்த மூச்சின் சத்தம் அவளுக்கே கேட்டது, அவனுக்கும் கேட்டிருக்கும். முகம் காதுவரை சுட்டது. புறங்கையில் நீலம் எப்போதோ போயிருந்தது. ஆனாலும் கையைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள்.

விலாசினி சாயாவோடு வரும்போது வேலிக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த ஒருவரைக் கூப்பிட்டாள். "விஜயதாஸ் அண்ணே, இஞ்ச வாருங்க. இவிய பள்ளிக்கூடத்து டீச்சராக்கும்."

விஜயதாஸ் அந்தப் பக்கத்துப் போராட்டக் கமிட்டிக்காரர். கதர்ச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "அப்ப டீச்சர் நேர்ல கண்டிருப்பியளே! எல்லாம் செத்து மலந்து கெடந்துதா? மேனேஜர் மூஞ்சி எப்படி இருந்து?" என்று சிரித்தார். "இவன்ட்ட கேட்டா ஒரு நேரம் மண்ணெண்ணெங்கான், ஒரு நேரம் சுண்ணாம்புங்கான். வர்ற கூட்டத்துல இவனப் பேச வைக்கணும். எலே பொன்னப்பா, நெசமா என்னத்தல போட்ட?"

பொன்னப்பன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை. விலாசினி சிரித்த முகத்தோடு அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் புருவம் சுருங்க ஆரம்பித்தது.

"துரிசு" என்றாள் கல்யாணசுந்தரி.

விஜயதாஸ் திரும்பினார்.

"ஒரு கரண்டி. தண்ணியில கரைச்சு ஊத்தினா நீலப் புகை மாதிரி இறங்கும். முதல்ல கடற்சாமந்தி சுருங்கும். முள்ளெலிக்கு முள்ளு உதிரும். பிறகு அதெல்லாம் அழுகித் தண்ணி கெட்டு மீனும் சாகும்." அவள் தன் குரலைக் கேட்டாள். வகுப்பில் பாடம் நடத்துகிற குரல். "அலமாரியில துரிசு இருக்கது பொன்னப்பனுக்குத் தெரியும்."

"துரிசா! கொள்ளாம்ல!" விஜயதாஸ் பொன்னப்பனின் தோளில் அடித்தார். விலாசினியின் முகம் மலர்ந்தது. அவள் கல்யாணசுந்தரியின் கையைப் பிடித்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பொன்னப்பன் யாரையும் பார்க்கவில்லை.

அப்போது காற்று திரும்பியது. மரச்சீனி இலைகள் வெளுத்துப் புரண்டன. "மழை! கெழங்கு!" என்று விலாசினி கத்திக்கொண்டு முற்றத்துக்குப் பாய்ந்தாள். விஜயதாஸ் வேட்டியை மடித்துக்கட்டி ஒரு முறத்தை எடுத்தார். கல்யாணசுந்தரியும் இறங்கினாள். பெரிய பாயின் இரண்டு முனைகளை அவள் அள்ளிப் பிடித்தாள். மற்ற இரண்டு முனைகளையும் பொன்னப்பன் பிடித்தான். வெள்ளைக் கிழங்குத் துண்டுகள் சலசலவென்று சரிந்து நடுவில் குவிந்தன. பாரம் இருவர் கைகளையும் கீழே இழுத்தது. வாசல் ஒடுக்கமாக இருந்தது. யாராவது ஒருவர் முதுகு காட்டித் திரும்பினால்தான் உள்ளே போக முடியும். முதல் துளிகள் பாயில் தடதடவென்று விழுந்தன. இருவரும் முனைகளை இறுகப் பிடித்தபடி, ஒருவருக்கொருவர் எதிராக, அப்படியே நின்றார்கள்.