நீலமாகப் பூக்குமாம்

அடுக்குமாடிக் குடியிருப்பின் பூப்பாத்தியில் பொன்னம்மாள் ஒரு செடியின் இலையைக் கிள்ளி முகர்ந்தாள். பக்கத்துச் செடியிலும் கிள்ளி முகர்ந்தாள். இரண்டும் இளசு; பச்சை வாசனைதான் அடித்தது.

"இன்னாக்கா, இன்னும் குந்திகினே கீற? சாயங்காலம் அசோசியேசன் மீட்டிங் கீது. அதுக்குள்ள களை போவணும்," என்றான் தோட்ட வேலைக் கம்பெனியின் சூப்பர்வைசர் திருமுருகன்.

"எது களைன்னு சொல்லு நைனா, புடுங்கிட்டுப் போறேன். மேடம் தூவுன வெதையும் மொளைச்சு கீது, நாய்த்துளசியும் மொளைச்சு கீது. ரெண்டும் அக்கா தங்கச்சி மாறி நிக்குது."

வெள்ளானூர் கழனிகள் மனையாவதற்கு முன் அவள் அங்கே களையெடுத்தவள்தான். நாய்த்துளசியைக் கண்டால் கை தானாகப் போகும். இங்கே போகவில்லை. அசோசியேசனில் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் ரோஷினி மேடம் சால்வியா விதையை வரிசை பிடிக்காமல் பாத்தி முழுக்க இறைத்திருந்தாள். நீலமாகப் பூக்குமாம். தன்னைக் கேட்காமல் எதையும் பிடுங்கக் கூடாது என்றும் சொல்லியிருந்தாள்.

"மேடத்த ஒரு வார்த்தை கேட்டுடேன்."

"ஆபீஸ் கால்ல கீறாங்க. எடுக்கல." திருமுருகன் போனில் படம் காட்டினான். படம் முழுக்க நீலக் கதிர்கள். இலை தெரியவில்லை. "பூத்தா தெரிஞ்சுடும்."

"பூக்கற வரிக்கும் உன் கம்பெனி சும்மா உடுமா?"

அவன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான். "தோ, தண்டு செவப்பா கீறதெல்லாம் களை. புடுங்கு. நான் சொல்றேன்ல."

பிடுங்கினாள். பாதிப் பாத்தி காலியான நேரத்தில் ரோஷினி காதில் மாட்டியதைக் கழற்றிக்கொண்டே ஓடி வந்தாள்.

"ஐயோ, யாரும்மா பிடுங்கச் சொன்னது?"

பொன்னம்மாள் திருமுருகனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்தான்.

"களையத்தான் எடுக்கச் சொன்னேன் மேடம். இவங்க புதுசு. ஆள மாத்திடறேன்."

பொன்னம்மாள் இங்கே வந்து இரண்டு பொங்கல் ஆகியிருந்தது.

ரோஷினி குவியலிலிருந்து ஒரு செடியை எடுத்து, பாத்தியில் நின்ற செடியோடு சேர்த்துப் பிடித்தாள். "இது... இதுதானே சால்வியா?"

இரண்டு தண்டையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் திரும்ப நட்டுடுங்க," என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்கு நடந்தாள்.

கடைசிச் செடியை நட்டுவிட்டுப் பொன்னம்மாள் எழுந்தாள். "அப்போ நாளைக்கு வரட்டா, வேணாவா?"

"பூந்தமல்லி பக்கம் வேற சைட் கீது. பேசிப் பாக்கறேன்க்கா."

"அங்க போனா மதியானம் எங்க ஊட்டு ஆளுக்கு யாரு கஞ்சி ஊத்துவா? கை கால் வராம கெடக்கறாரு, தெரியும்ல? நடந்து போற தூரம்னுதான பாடில பட்டறை வேலைய உட்டுட்டு இங்க வந்தேன்? நீதான நைனா புடுங்கச் சொன்ன?"

"எனக்கு மட்டும் இன்னா தெரியும்க்கா?" அவன் குரல் இறங்கியிருந்தது. கையை நீட்டினான். அவள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள்.

"போறதுக்கு முன்ன தண்ணி மட்டும் காட்டிட்டுப் போ."

அவள் ஓஸ் பைப்பை இழுத்து வந்தாள். திரும்ப நட்டவை தலை தொங்கிக் கிடந்தன. எதற்கு ஊற்றுவது, எதை விடுவது என்று தெரியவில்லை. ஒன்று விடாமல் எல்லாவற்றின் வேரிலும் நின்று நின்று ஊற்றினாள்.